இறந்த நேரம் "இரவு 9:15-லிருந்து 9:30-க்குள்" என்று டாக்டரால் சொல்ல முடியுமா?

இருட்டறை இளங்கோ:

வணக்கம் மக்களே. ஒரு துப்பறியும் தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஏழாவது அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். திங்கட்கிழமை காலை 6 மணிக்குப் பால் போடுகிறவர் கதவு ஒருக்களித்திருப்பதைப் பார்த்து எட்டிப் பார்க்கிறார், ஆள் சாய்வு நாற்காலியில் இறந்து கிடக்கிறார். டாக்டர் கண்ணில் ஊசி குத்தி நீர் எடுத்து, அதில் பொட்டாசியம் 10 மில்லிமோல் என்று பார்த்துவிட்டு, "சனிக்கிழமை இரவு 9:15-லிருந்து 9:30-க்குள் உயிர் போயிருக்கிறது" என்கிறார். அந்தப் பதினைந்து நிமிடத்தில் வீட்டுக்குள் இருந்தது மருமகன் மட்டும்தான், தெருமுனை கேமராவில் இருக்கிறது. முடிந்தது கதை. ஆனால் ஒரு வாசகர் "ரீல் சுற்றாதே தம்பி" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டார். எது ரீல், ஊசியா பதினைந்து நிமிடமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜி.எச். அக்கா:

ஊசி நிஜம். பதினைந்து நிமிடம்தான் ரீல்.

நான் தடய மருத்துவம் படித்தவள், பிணவறையில்தான் வேலை. கண்ணில் ஊசி என்றதும் பலருக்குக் கூசும், ஆனால் அது சின்ன வேலை. கண்ணின் வெளி ஓரத்தில் ஊசியைச் சாய்வாக நுழைத்து, சிரிஞ்சை மெதுவாக, ரொம்ப மெதுவாக இழுக்க வேண்டும். கண்ணுக்குள் விட்ரியஸ் என்று ஒரு கூழ் இருக்கிறது, மொத்தமே 4 மில்லி சொச்சம். இளநுங்கைப் பிளந்தால் உள்ளே தளும்புமே, கிட்டத்தட்ட அந்தப் பதம். அவசரப்பட்டு இழுத்தால் விழித்திரைத் துணுக்குகளும் சேர்ந்து வரும், அதிலிருக்கிற பொட்டாசியம் கணக்கையே கெடுத்துவிடும். எடுத்தபிறகு அதே அளவு தண்ணீரைத் திரும்ப உள்ளே செலுத்துவோம். இல்லையென்றால் கண் குழிந்துவிடும், முகத்தைப் பார்க்க வீட்டார் வெளியே காத்திருக்கிறார்கள் இல்லையா.

ஏன் பொட்டாசியம், ஏன் கண்? உயிருள்ள செல்லுக்குள் பொட்டாசியம் சுமார் 140, வெளியே 4-தான். இந்த வித்தியாசம் தானாக நிற்பதில்லை. செல்லின் சவ்வில் இருக்கிற பம்புகள் ராத்திரி பகல் பாராமல் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஓட்டை வள்ளத்தில் ஒருவன் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பது மாதிரி. மூச்சு நின்றால் ஆக்சிஜன் இல்லை, செல்லின் எரிபொருளான ஏடிபி இல்லை, இறைப்பவன் கை ஓய்ந்துவிடும். உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே கசியத் தொடங்கும்.

ரத்தத்தில் இது சில மணி நேரத்திலேயே தாறுமாறாக ஏறிவிடுவதால் அங்கே பார்த்துப் பயனில்லை. கண் ஒரு மூடிய பாத்திரம், கிருமிகள் அங்கே போய்ச்சேர நாளாகும். விழித்திரையிலிருந்து கூழுக்குள் சொட்டுச் சொட்டாக, ஏறக்குறைய ஒரே வேகத்தில் கசியும். அதனால்தான் அதை ஒரு கடிகாரமாகப் பார்க்கிறோம். ஆனால் அந்தக் கடிகாரத்தில் நிமிட முள் கிடையாது, இளங்கோ. மணி முள்ளும் கொஞ்சம் ஆடும்.

சராசரிமனிதன்:

எவ்வளவு ஆடும் என்பதை உங்கள் கதையின் 10 மில்லிமோலை வைத்தே போட்டுப் பார்த்தேன். கணக்கு வாத்தியார், சும்மா இருக்க முடியவில்லை.

1960களின் தொடக்கத்தில் ஸ்டர்னர் என்பவர் தந்த சூத்திரம்: பொட்டாசியத்தை 7.14-ஆல் பெருக்கு, 39.1-ஐக் கழி, வருவது இறந்து எத்தனை மணி நேரம் என்பது. 10-க்கு 32.3 மணி வருகிறது. திங்கள் காலை 6 மணிக்கே ஊசி போட்டார்கள் என்று வைத்துக்கொண்டால் (நிஜத்தில் பஞ்சாயத்தார் வந்து கையெழுத்துப் போடவே அதைவிட நேரமாகும்) சனி இரவு 9:42. உங்கள் மருமகன் மாட்டுகிறான்.

1989-இல் ஜெர்மனியின் மடேயா குழு தந்தது: 5.26-ஆல் பெருக்கு, 30.9-ஐக் கழி. அதே 10-க்கு 21.7 மணி. ஞாயிறு காலை 8:18. மருமகன் அந்நேரம் எங்கே இருந்தான்?

2001-இல் ஸ்பெயினின் முனியோஸ் குழு: 3.92-ஆல் பெருக்கு, 19.04-ஐக் கழி. 20.2 மணி. ஞாயிறு காலை 9:50.

ஒரே கண், ஒரே எண். சூத்திரத்தை மாற்றினால் கொலையே நடுராத்திரியைத் தாண்டி அடுத்த நாளைக்குப் போய்விடுகிறது. இத்தனைக்கும் இவை நடுக்கோடுகள்தான், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் மணிக்கணக்கில் பிழை உண்டு.

முனியோஸ் குழு சொன்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. முன்னால் இருந்தவர்கள் நேரத்தைத் தெரிந்ததாகவும் பொட்டாசியத்தைக் கண்டுபிடிக்க வேண்டியதாகவும் வைத்துக் கோடு வரைந்துவிட்டு, பிறகு சமன்பாட்டைத் தலைகீழாகத் திருப்பி நேரத்தைக் கண்டுபிடித்தார்கள். புள்ளிகள் சிதறிக் கிடக்கும்போது இந்த இரண்டும் ஒரே கோடு ஆகாது. நமக்குத் தெரிந்தது பொட்டாசியம், தெரியாதது நேரம், ஆகவே அப்படியே வைத்துக் கோடு போடுங்கள் என்றார்கள். ப்ளஸ் டூ பையனுக்குச் சொன்னால் புரிகிற திருத்தம், இதற்கு ஏறத்தாழ நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.

இருட்டறை இளங்கோ:

ஐயோ. மருமகன் ஞாயிறு காலை 8 மணிக்குக் கோயம்புத்தூர் ரயிலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். நான்காவது அத்தியாயத்திலேயே எழுதியாயிற்று, பிரசுரமும் ஆகிவிட்டது.

கெட்டிக்காரன் 2.0:

இவ்வளவு சுற்றல் எதற்கு? உடம்பின் சூட்டைப் பார்த்தால் போதுமே. மணிக்கு இவ்வளவு டிகிரி குறையும், கழித்தால் நேரம் வந்துவிடும். சீரியலில்கூட அப்படித்தான் செய்கிறார்கள். எத்தனையோ கோடி மைல் தூரத்தில் இருக்கிற நட்சத்திரத்தின் வயதைச் சொல்கிறார்கள், நேற்று செத்தவர் எப்போது செத்தார் என்று சொல்ல முடியாதாம்.

ஜி.எச். அக்கா:

கெட்டிக்காரன், வெளிநாட்டு ஆய்வகங்களில் முதல் நாளுக்கு உள்ளதிலேயே நம்பகமானது சூடுதான், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஜெர்மனியின் ஹென்ஸ்கே போட்ட வரைபடம் இருக்கிறது. மலக்குடல் வெப்பநிலை, சுற்றுப்புற வெப்பநிலை, உடல் எடை மூன்றையும் வைத்துக் கோடு இழுத்தால் நேரம் வரும். எல்லாம் நல்லபடியாக அமைந்தாலே பிழை இரண்டு பக்கமும் 2.8 மணி நேரம். அதாவது ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஒரு சன்னல், அதற்குள் எங்கேயோ.

இதை வேலூருக்கு மே மாதம் கொண்டுவாருங்கள். வெளியே 41 டிகிரி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ளே ஃபேன்கூட இல்லை. உடம்பு 37. எங்கிருந்து எங்கே குளிரும்? அறை வெப்பமும் உடல் வெப்பமும் ஒன்றானால் அந்தக் கணக்கு படுத்துவிடும். இறந்த உடம்பு விறைப்பதும் அப்படியே. பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறும், பன்னிரண்டு நிற்கும், பன்னிரண்டில் இறங்கும் என்று மாணவர்கள் ஒப்பிப்பார்கள், கோடையில் அந்தப் பாட்டு பாதியிலேயே முடிந்துவிடும்.

கண்ணின் பொட்டாசியத்துக்கும் வெப்பம் பட்டால் வேகம் கூடும். ஐரோப்பிய உடல்களில், ஐரோப்பிய அறைகளில் எடுத்த சூத்திரத்தை அப்படியே இங்கே போட்டால், இறந்து நேரம் அதிகமானதாகத் தெரியும். இதற்கு நேர்மாறாக, நான் ஊசியை எடுக்கும்போது உடல் ஏற்கெனவே ஒரு ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் இருந்திருக்கும், அங்கே கசிவு மெதுவாகும். முதல் பாதி வேகம், இரண்டாம் பாதி மந்தம். எந்தச் சூத்திரத்தில் போடுவது?

இது போதாதென்று, இறந்தவருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்ததா, ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் கிடந்து இறந்தாரா, இதெல்லாம் கடிகாரம் எங்கே தொடங்கியது என்பதையே மாற்றும். அதனால்தான் அதே கூழில் யூரியாவையும் சேர்த்துப் பார்ப்பது. இறந்தபிறகு யூரியா பெரிதாக மாறாது. அது எக்கச்சக்கமாக இருந்தால் பொட்டாசியக் கணக்கை நம்பாதே என்று அர்த்தம்.

ஆட்டோஅனலைசர்:

அக்கா சொன்னதோடு லேப் பக்கத்துச் சங்கதி ஒன்றும் உண்டு. நான் உயிர்வேதியியல் லேபில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் மெஷின் ரத்தத்துக்குப் பழகியது. இந்தக் கூழை ஊற்றினால் கொழகொழவென்று உறிஞ்சுகுழலில் ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை அப்படி அடைத்துக்கொண்டு, மெஷின் அரையும் குறையுமாக உறிஞ்சி, 3.1 என்று காட்டியது. உயிரோடு இருப்பவருக்கே அதைவிட அதிகம் இருக்குமே ஐயா! மையவிலக்கியில் நன்றாகச் சுற்றி, தெளிந்ததை மட்டும் எடுத்துத் திரும்பப் போட்டோம், 9-க்கு மேல் வந்தது. அந்த முதல் எண்ணை யாராவது அப்படியே எழுதி அனுப்பியிருந்தால்?

அப்புறம், பழைய ஆய்வுகளின் காலத்தில் பொட்டாசியம் பார்த்தது ஃபிளேம் போட்டோமீட்டரில். மாதிரியைத் தீச்சுடரில் தெளித்து நிறத்தை அளப்பது, சோடியம் மஞ்சள், பொட்டாசியம் ஊதா. இப்போதெல்லாம் அயனி மின்முனை, பொட்டாசியத்தை மின்சாரமாக உணர்ந்து அளப்பது. இரண்டும் அச்சு அசலாக ஒரே எண் தராது. சூத்திரத்தில் ஒரு மில்லிமோல் தவறினால் நான்கிலிருந்து ஏழு மணி நேரம் போகும், மேலே வாத்தியார் போட்ட பெருக்குத்தொகையைப் பாருங்கள். எந்த மெஷினில் பார்த்தது என்று எழுதாத ரிப்போர்ட்டை நான் பாதிதான் நம்புவேன்.

தாழையூத்தான்:

கதைக்காக இல்லை, எங்கள் வீட்டில் நடந்தது. எங்கள் பெரியப்பா தனியாக இருந்தவர். ஆடி முதல் வாரம், ஒருநாள் முழுக்க போன் எடுக்கவில்லை, மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்தார். மாரடைப்புதான், சந்தேகம் ஒன்றும் இல்லை. ஆனால் அத்தை பிடித்துக்கொண்டது, எப்போது போனார்? முந்தின நாள் பகலிலேயே நட்சத்திரம் மாறுகிறது. ரேவதியில் போயிருந்தால் அடைப்பு, ஆறு மாதம் அந்த அறையைப் பூட்ட வேண்டும், அசுவினி என்றால் ஒன்றும் இல்லை. திதியும் அதே கதை, சப்தமியா அஷ்டமியா, வருடா வருடம் எதில் கொடுப்பது.

அண்ணன் போய் டாக்டரிடமே கேட்டான். அவர் ரிப்போர்ட்டில் 18-லிருந்து 30 மணி நேரம் என்று போட்டிருந்தார். அதற்குள் ரேவதியும் இருக்கிறது, அசுவினியும் இருக்கிறது. "கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள் சார்" என்று கேட்டிருக்கிறான். "என்னால் முடிந்தது இவ்வளவுதான் தம்பி" என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு அன்று கோபம், அலட்சியம் என்று நினைத்தோம். இப்போது இதைப் படிக்கும்போது அந்த மனுஷனிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது.

கடைசியில் அத்தைதான் முடிவுகட்டினாள். அடுப்பில் பால் காய்ச்சிய பாத்திரம் கழுவாமல் இருந்தது, மாத்திரை டப்பாவில் காலை மாத்திரை எடுத்திருந்தது, மதியத்துது அப்படியே இருந்தது. "காப்பி குடிச்சிட்டு, மாத்திரை போட்டுட்டுப் போயிருக்கான்" என்றாள். ரேவதி. ஆறு மாதம் பூட்டினோம்.

ஜி.எச். அக்கா:

தாழையூத்தான், உங்கள் அத்தையை எங்கள் துறையில் சேர்த்துக்கொள்ளலாம். நிஜமாகவே சொல்கிறேன். கடைசியாகப் பேசிய போன், திறக்காத பால் பாக்கெட், மாத்திரை டப்பா, இதெல்லாம் பல நேரம் என் சிரிஞ்சைவிடத் துல்லியமானவை. பாடப்புத்தகத்திலும் அதற்கு இடம் உண்டு. உடல் சொல்வதையும் வீடு சொல்வதையும் சேர்த்துத்தான் பார்க்கச் சொல்வார்கள்.

டாக்டரிடம் கோபப்பட்டதற்காக வருந்தாதீர்கள். நாங்களும் அதை விளக்கிச் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வதில்லை. வெளியே நிற்பவர்களுக்கு அந்த எண் எதற்குத் தேவை என்று நாங்கள் கேட்பதே அபூர்வம்.

கீழ்க்கோர்ட்டு:

வக்கீல் பேசாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

நம்மூர் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழில் "பரிசோதனைக்கு 18 முதல் 24 மணி நேரம் முன்பு இறந்திருக்கலாம்" என்கிற ரீதியில் ஒரு வரி இருக்கும். குறுக்கு விசாரணையில் எனக்குச் சோறு போடுவதே அந்த வரிதான். டாக்டர், உடல் எத்தனை மணிக்குக் குளிர்பெட்டியில் வைக்கப்பட்டது? தெரியாது. அறையின் வெப்பநிலை? குறிக்கவில்லை. பிறகு எதை வைத்து 24 என்றீர்கள், ஏன் 26 இல்லை? நல்ல டாக்டர் "26-ஆகவும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இறங்கிப் போய்விடுவார். பிடிவாதக்காரர் 24-ஐக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூழ்குவார்.

பிடிவாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு கனடாவில் ஒரு வழக்கு. 1959 ஜூன், ஒன்டாரியோ மாகாணத்தில் கிளின்டன் என்ற ஊரையொட்டிய விமானப்படைத் தளம். 12 வயதுச் சிறுமி மாலையில் காணாமல் போய், இரண்டு நாள் கழித்துப் பிணமாகக் கிடைக்கிறாள். சைக்கிளில் அவளை ஏற்றிச் சென்ற ஸ்டீவன் ட்ரஸ்காட்டுக்கு 14 வயது. பரிசோதனை செய்த டாக்டர் பெனிஸ்டன், இரைப்பையில் இருந்த உணவின் நிலையை வைத்து, மாலை 7:15-லிருந்து 7:45-க்குள் என்று நேரம் குறித்துக் கொடுத்தார். பையன் ஏழு மணிக்குப் பிறகு அவளோடு இருந்தான், எட்டு மணிக்குப் பள்ளி மைதானத்தில் நின்றதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். அந்த அரைமணி நேரம் அவனைச் சுற்றிப் போட்ட சுருக்குக் கயிறு மாதிரி ஆகிவிட்டது. செப்டம்பரில் தூக்குத் தண்டனை. 14 வயதுக்கு!

தண்டனையைப் பிறகு ஆயுளாகக் குறைத்தார்கள், 1969-இல் பரோல். அந்த டாக்டரே 1966-இல் தன் கணக்கை மறுபரிசீலனை செய்து, அவ்வளவு இறுக்கமாகச் சொல்ல முடியாது என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். 2007 ஆகஸ்ட் 28-இல்தான் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் ட்ரஸ்காட்டை விடுவித்தது. மறு வருடம் 65 லட்சம் டாலர் இழப்பீடு. செரிமானம் ஆளுக்கு ஆள், பயத்துக்குப் பயம் மாறும் என்பது இன்று எந்த மாணவனுக்கும் தெரியும். இளங்கோ, உங்கள் பதினைந்து நிமிடம் பெனிஸ்டனின் அரைமணியில் பாதி.

அப்புறம் கொலையே இல்லாத வழக்கிலும் இந்த நேரம் தலையெடுக்கும். கணவன் மனைவி ஒரே விபத்தில் போனால் யார் முதலில் போனது என்பதை வைத்துச் சொத்து திசைமாறும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 21, நிச்சயமாகத் தெரியாதபோது இளையவர் மூத்தவருக்குப் பின் இறந்ததாக வைத்துக்கொள் என்கிறது, மாறாக நிரூபிக்கும்வரை. விஞ்ஞானத்தால் சொல்ல முடியாது என்பதை ஒத்துக்கொண்டு ஒரு வழி பண்ணிவைத்த சட்டம் அது. எனக்கு அதில் ஒரு மரியாதை உண்டு.

கெட்டிக்காரன் 2.0:

சரி, நட்சத்திரத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். (ரேவதி, அசுவினி இல்லை, வானத்து நட்சத்திரம்.) பொட்டாசியத்தைத் தாண்டி வேறு ஒன்றுமே வரவில்லையா?

ஜி.எச். அக்கா:

வந்துகொண்டிருக்கிறது. அதே கூழில் ஹைப்போசாந்தின் என்று ஒன்று, ஏடிபி உடைந்து வருகிற கழிவு, அதுவும் நேரத்தோடு ஏறும். ஆனால் சாகுமுன் மூச்சுத்திணறி இருந்தால் ஏற்கெனவே ஏறியிருக்கும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் தசைப் புரதங்கள் எந்த வரிசையில் உடைகின்றன என்று பார்க்கிறார்கள், முதலில் பன்றிகளில் பார்த்தார்கள். சில புரதம் சீக்கிரம் சிதையும், சில நாள்கணக்கில் தாங்கும்.

வாரக்கணக்கு ஆகிவிட்டால் கண்ணே மிஞ்சாது. அப்போது உடலுக்கு அடியில் இருக்கிற மண். டென்னசியில் வாஸ் குழு 1992-இல், சிதைவின்போது மண்ணில் இறங்கும் கொழுப்பு அமிலங்களை அளந்து, 1285-ஐச் சராசரி வெப்பநிலையால் வகுத்தால் எலும்புக்கூடாக எத்தனை நாள் என்று தோராயமாக வரும் என்றார்கள். 10 டிகிரி ஊரில் 128 நாள், நம்ம 30 டிகிரியில் 43. இதிலும் பார்த்தீர்களா, வெப்பநிலைதான் கீழே உட்கார்ந்திருக்கிறது.

இருட்டறை இளங்கோ:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி உட்கார்ந்து ஏழாவது அத்தியாயத்தை மாற்றிவிட்டேன். இப்போது டாக்டர் இப்படிச் சொல்கிறார்: "சனிக்கிழமை ராத்திரியிலிருந்து ஞாயிறு மத்தியானத்துக்குள். அதற்குமேல் என்னை இழுக்காதீர்கள், இன்ஸ்பெக்டர்." மருமகனை விட்டுவிட்டேன். மேசைமேல் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் பிரித்துக் கிடக்கிறது, குறுக்கெழுத்து பாதி போட்டிருக்கிறது, வாத்தியார் கையெழுத்து. அத்தைக்கு நன்றி, தாழையூத்தான் அண்ணா. கொலைகாரன் யார் என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

ஆட்டோஅனலைசர்:

நன்றாக வந்திருக்கிறது தம்பி. ஒன்றே ஒன்று. பால்காரர் உள்ளே எட்டிப் பார்க்கும்போது ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா? அதை எழுதவே இல்லையே.